இரண்டு புள்ளி நான்கு சேர்க்கவும்

இருபத்தெட்டு. அவளை எழுப்பிக் கேட்டாலும் இந்த எண்ணைச் சொல்வாள். தன் வயது நாற்பத்தொன்பதா ஐம்பதா என்று கேட்டால்கூட ஒரு நொடி யோசிப்பாள். இதற்கு யோசிக்க மாட்டாள். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் மாறினால், விமானத்தின் உயரக் கணக்கு இருபத்தெட்டு அடி மாறும்.

விமானத்தில் உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் உண்மையில் உயரத்தை அளப்பதே இல்லை. வெளியே காற்று எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்து, இவ்வளவு அழுத்தம் என்றால் இவ்வளவு உயரத்தில் இருப்போம் என்று ஊகித்துச் சொல்லும். அந்த ஊகம் பலிக்க வேண்டுமென்றால், இறங்கப்போகும் ஊரின் காற்றழுத்தத்தை விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரில் இருப்பவர் ஓர் எண்ணாகச் சொல்ல வேண்டும்; விமானி ஒரு குமிழைத் திருகி அந்த எண்ணை வைக்க வேண்டும். எண் ஒன்று கூடிவிட்டால் முள் இருபத்தெட்டு அடி கூட்டிக் காட்டும், விமானம் இருபத்தெட்டு அடி தாழ்ந்து போகும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சரியாகத் திருகியிருப்பார் என்ற நம்பிக்கையில்தான் நூற்றெண்பது பேர் பெல்ட்டை மாட்டிக்கொண்டு மேகத்துக்குள் இறங்குகிறார்கள். விஷயம் தெரிந்தால் பாதிப் பேர் பஸ்ஸில் போவார்கள்.

அவள் வேலை, இறங்கி முடித்த விமானங்களைப் பார்ப்பது. ஒரு விமான நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில், சீருடை கிடங்குக்கும் கழிவறைக்கும் நடுவில் அவளுடைய அறை. ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர். இரண்டு கணினித் திரைகள், ஒரு கை உடைந்து பிளாஸ்திரி போட்ட நாற்காலி. ஒவ்வொரு விமானமும் தன் பயணத்தை நொடிக்கு நொடி பதிந்து வைத்திருக்கும். காலையில் அந்தப் பதிவெல்லாம் அவளுடைய திரைக்கு வந்து சேரும். தாழ்ந்து வந்தவர், வேகமாக வந்தவர், சக்கரத்தைத் தாமதமாக இறக்கியவர் என ஒவ்வொரு குற்றத்துக்கும் அவள் ஒரு பொறி வைத்திருந்தாள். யாராவது மாட்டினால் திரையில் சிவப்பாக ஒரு கோடு வரும். அவள் போனை எடுத்து, "சார், ஆயிரம் அடியில என்ன நடந்துச்சு?" என்று மரியாதையாகக் கேட்பாள். விமானிகள் அவளுக்கு வைத்த பெயர் அடியக்கா. நேரில் மேடம் என்பார்கள்.

இந்தப் பிரிவில் ஒரு சட்டம் உண்டு. பதிவில் விமானியின் பெயர் வராது. பழிவாங்கல் கூடாது, பயத்தில் யாரும் எதையும் மறைக்கக் கூடாது என்பதற்காக. நல்ல சட்டம்தான். ஆனால் பத்தொன்பது வருடம் ஒரே முந்நூறு பேரின் இறக்கங்களைப் பார்த்த பெண்ணுக்குப் பெயர் எதற்கு? பாத்திரம் வைக்கும் சத்தத்திலேயே சமையலறையில் யார் என்று தெரிவதில்லையா? ஒருவர் பயந்து பயந்து வேகத்தைக் குறைப்பார். இன்னொருவர் ஓடுபாதையைத் தொடும்போது வலது பக்கம் லேசாகச் சாய்வார், தலையணையில் சாய்வதுபோல. சட்டப்படி அவளுக்கு யாரையும் தெரியாது. நடைமுறைப்படி அத்தனை பேரையும் தெரியும்.

அதில் ஒருவர் அவளுடைய அத்தான். அக்காவின் கணவர். முப்பத்து நான்கு வருடம் பறந்த கேப்டன், ஓய்வுக்கு எட்டு மாதம் பாக்கி. நல்ல உயரம், நல்ல மீசை, எந்த அறைக்குள் நுழைந்தாலும் அது மேடையாகிவிடும். அவர் சொல்லும் கதைகளில் மின்னல் இறக்கையில் உட்கார்ந்து வரும். ஒருமுறை ஓடுபாதையில் யானை நின்றதாகச் சொன்னார். அந்த ஊர் ஒரு தீவு, அங்கே ஆடுகூடக் கிடையாது.

அவள் இந்த வேலைக்குச் சேர்ந்த அன்று குடும்பமே சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அத்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஓட்டறது நாங்க, பாக்கறது நீயா? சமைக்கறவன் ஒருத்தன், தட்டு கழுவறவன் ஒருத்தன். அதுவும் வேணும்தான்மா, அதுவும் வேணும்." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவளுடைய கணவர் பல் மருத்துவர். நாள் முழுக்க அடுத்தவரை வாயைத் திறக்கச் சொல்பவர், வீட்டில் தன் வாயைத் திறப்பதில்லை. அன்றும் திறக்கவில்லை.

அந்தத் தட்டை அவள் மறக்கவில்லை. பத்தொன்பது வருடமாக அத்தானின் ஒவ்வொரு இறக்கத்தையும் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள். ஒரு சிவப்புக் கோடுகூட வரவில்லை. மனிதர் வாயைத் திறந்தால் யானை, கையை வைத்தால் பட்டு. அவளுக்கு அது பெரிய எரிச்சல்.

ஒரு திங்கட்கிழமை காலையில் கோடு வந்தது.

சொந்த ஊர் ஓடுபாதைதான். கடல் மேலாக வந்து இறங்கும் பக்கம். அந்த மாதம் அங்கே ரேடியோக் கதிர் கிடையாது. வழக்கமாக ஓடுபாதை முனையிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டு, விமானத்தைக் கைபிடித்துக் கூட்டிவரும். பழுதுபார்ப்புக்காக அதை அணைத்திருந்தார்கள். கதிர் இல்லையென்றால் ஆல்டிமீட்டரைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். நானூற்று இருபது அடி வரை வரலாம். அதற்குள் ஓடுபாதை கண்ணில் படாவிட்டால் ஓர் அடிகூடக் கீழே போகாமல் மேலேறிச் சுற்றி வர வேண்டும். கரையில் துறைமுகத்தின் கிரேன்கள் நிற்கின்றன. அந்த எண் அவற்றை நினைத்துப் போட்டது.

ஞாயிறு மாலை மேகம் தாழ்ந்திருந்தது. இந்த விமானம் இறங்கி வந்து, இருபது நொடி சமமாகப் பறந்து, ஓடுபாதை தெரியாமல் மேலேறி, இரண்டாவது முறை மேகம் விலகியபின் இறங்கியிருந்தது. எல்லாம் ஒழுங்கு. ஒன்றைத் தவிர. அந்த இருபது நொடியும் கடலுக்கு மேல் முந்நூற்று அறுபத்து நான்கு அடியில் பறந்திருக்கிறது. இது காற்றை வைத்து ஊகித்த உயரமில்லை. விமானத்தின் வயிற்றிலிருந்து நேராகக் கீழே ரேடியோ அலை அனுப்பி அளந்த உயரம். இறங்கும்போது எல்லாக் கண்ணும் முள்மேலேயே இருக்கும். அலை அளந்தது பதிவுக்குத்தான் போய்ச் சேரும். அனுமதித்ததைவிட ஐம்பத்தாறு அடி கீழே.

சக்கரத்தை எப்போது இறக்கினார், வேகத்தை எப்படிக் குறைத்தார் என்று பார்த்தாள். பட்டு. அத்தானேதான்.

சட்டப்படி அவளுக்கு அது யாரென்று தெரியாது. அறிக்கையை அனுப்பும் பட்டனை அழுத்தினாள். அழுத்தும்போது லேசாகச் சிரித்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அக்கா போன் செய்தாள்.

"உன் கம்ப்யூட்டர் சொல்லிடுச்சுன்னு இவரைப் பறக்க வேணாம்னுட்டாங்க. வியாழக்கிழமை விசாரணையாம்."

"அக்கா, அதுல பேரு வராது. யாருன்னே எனக்குத் தெரியாது."

"உனக்கா தெரியாது? அவரு தும்மினா எந்தப் பக்கம் திரும்புவாருன்னு சொல்லுவியே நீ."

"இப்ப என்ன பண்றாரு?"

"காலையிலேருந்து ஃப்ரிட்ஜை மூணு தடவை தொடச்சாச்சு. பூந்தொட்டியெல்லாம் உயர வரிசைப்படி அடுக்கிட்டிருக்காரு. மசாலா டப்பாவுக்கெல்லாம் செக்லிஸ்ட் எழுதி ஒட்டியிருக்காரு. இதோ பாரு, வியாழக்கிழமைக்கப்புறமும் இவரு வீட்லயே இருந்தா, நான் பெட்டியைத் தூக்கிட்டு உன் வீட்டுக்கு வந்துடுவேன். உன் வீட்டுக்காரரு ஒருத்தராவது சத்தம் போடாம இருப்பாரு."

பின்னால் யாரோ போனைப் பிடுங்கும் சத்தம். அத்தான்.

"முள்ளு நானூத்தி இருபதுல இருந்துச்சு."

"சரிங்க அத்தான்."

"சரிங்கன்னா? நம்பறியா இல்லையா?"

"நான் நம்பறதுல என்ன இருக்கு. வியாழக்கிழமை அங்க சொல்லுங்க."

"நானூத்தி இருபது" என்றார் மறுபடியும். போனை வைத்துவிட்டார்.

அவள் ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தான் கதை விட்டால் அதில் மின்னல் வரும், கோபுரம் வரும், குறைந்தது ஒரு பணிப்பெண்ணாவது அழுவாள். இப்போது ஓர் எண்தான் வந்தது. இரண்டு முறையும் அதே எண். இந்த மனிதர் உண்மை சொல்லும்போது எப்படி இருப்பார் என்று அவளுக்குத் தெரியாது. ஏனென்றால் இதற்கு முன் கேட்டதில்லை.

வியாழக்கிழமை முடிவு எப்படிப் போகும் என்பது அவளுக்குத் தெரியும். குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே போனவரிடம் கேப்டன் இருக்கை இருக்காது. கடைசி எட்டு மாதம் வலது இருக்கையில், அவரே பயிற்சி கொடுத்த பையன்களுக்குப் பக்கத்தில். இல்லையென்றால் வீட்டில், பூந்தொட்டிகளோடு.

புதன்கிழமை காலை மறுபடி பதிவைத் திறந்தாள். அத்தான் பொய் சொல்லவில்லை, முள் நானூற்று இருபதில்தான் இருந்தது. அப்படியானால் அழுத்த எண்ணைத் தப்பாக வைத்திருப்பார். பார்த்தாள்: ஆயிரத்து ஒன்பது. டவரின் ஒலிப்பதிவை வாங்கிக் கேட்டாள். டவர்க்காரர் கொட்டாவியோடு ஆயிரத்து ஒன்பது என்கிறார். அத்தான் செய்தி வாசிக்கும் குரலில் ஆயிரத்து ஒன்பது என்று திருப்பிச் சொல்கிறார். சொன்ன எண், வைத்த எண், முள் மூன்றும் ஒன்றாக நிற்கின்றன. கடல் மட்டும்தான் ஒத்துவரவில்லை.

அலையேற்றமா என்றுகூடப் பார்த்தாள். அன்று மாலை இரண்டு அடி. மீதி ஐம்பத்து நான்கு அடிக்குக் கடலைக் குறை சொல்ல முடியாது.

பாதுகாப்புப் பிரிவின் தலைவர் கதவருகே வந்து நின்றார். எதையும் சுமுகமாக முடிக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே அவருக்குச் சுமுகம் என்று பெயர்.

"அறிக்கைதான் போயிடுச்சே. இன்னும் என்ன பாக்கறீங்க?"

"எண்ணெல்லாம் சரியா இருக்கு சார். உயரம்தான் தப்பா இருக்கு."

"எல்லாம் சரின்னா அப்புறம் என்ன? விடுங்க. தோண்டத் தோண்ட வேலைதான் வரும்."

அவர் போனதும் அவள் தோண்டினாள். விமானம் ஓடுபாதையில் நிற்கும்போது முள் என்ன காட்ட வேண்டும் என்பதில் சந்தேகமே கிடையாது. ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து பதினோரு அடி. ஆகவே பதினொன்று காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இறங்கிய மற்ற விமானங்களைப் பார்த்தாள். அறுபத்தேழு. இன்னொன்று, அறுபத்தேழு. வெள்ளிக்கிழமை ஒன்று தொண்ணூற்றைந்து. ஒவ்வொரு நாளாகப் பின்னால் போனாள். போன மாதம் பதினான்காம் தேதி மதியம் வரை எல்லாரும் பதினொன்று, மதியத்திலிருந்து அறுபத்தேழு, சில நாள் தொண்ணூற்றைந்து. சாப்பாட்டு வேளையில் ஊரே ஐம்பத்தாறு அடி உயர்ந்திருக்கிறது. யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்பதும் புரிந்தது. தரையில் எழுபத்தைந்து அடி வரை வித்தியாசம் இருக்கலாம் என்று விதி. ஐம்பத்தாறுக்கு யாரும் கவலைப்பட மாட்டார்கள். அவள் வைத்த பொறியும் எழுபத்தைந்தில்தான் இருந்தது, அதுவும் ஒரே விமானம் தொடர்ந்து மூன்று நாள் தாண்டினால்தான் சிவக்கும். தொண்ணூற்றைந்து காட்டிய நாட்களில் விமானிகள் புகார் எழுதியிருந்தார்கள். பணிமனையில் நல்ல ஆல்டிமீட்டர்கள் இரண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, நல்ல ஆல்டிமீட்டர்கள் இரண்டை மாட்டியிருந்தார்கள். மற்ற நேரமெல்லாம் வானம் தெளிவு; கண்ணால் பார்த்து இறங்கிவிட்டார்கள். கதிரும் இல்லாமல், மேகமும் தாழ்ந்து, விதிப்படி கடைசி அடிவரை வந்து சமமாகப் பறந்தவர் ஒருவர்தான். ஒழுங்காக ஓட்டியதால் மாட்டிய ஒரே மனிதர்.

அது அத்தானாக இருக்க வேண்டுமா என்று ஒரு நிமிடம் வருந்தினாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அழுத்த எண் பிறக்கும் இடம் வானிலை அலுவலகம். டவர் கட்டடத்தின் ஆறாவது மாடி. முழங்கால் வலியோடு அவள் லிஃப்ட் முன்னால் போய் நின்றாள். 'பழுது' என்று ஓர் அட்டை தொங்கியது; அட்டையின் மேலேயே தூசு படிந்திருந்தது. படியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"மேல எதுக்கு மேடம்? நாங்க கீழயே வந்துட்டோம்."

காத்துக்காரர். வானிலை அலுவலகத்தின் மூத்த ஆள். ஒல்லி, பலத்த காற்று அடிக்கும் நாளில் அவரே ஒரு கருவி. தரைத்தளத்தில் பழைய சைக்கிள் நிறுத்தும் அறையை அலுவலகமாக்கியிருந்தார்கள். ஜன்னலில் வெளியே நடப்பவர்களின் கால்கள் தெரிந்தன.

"லிஃப்ட் போயி அஞ்சு மாசம் மேடம். எங்க ஆளுங்க எல்லாம் ஐம்பதைத் தாண்டினவங்க. ஆறு மாடி ஏறி வந்தா மூச்சு வாங்கறதுலயே காத்தழுத்தம் மாறிடும். மனு மேல மனு போட்டு இறங்கி வந்தோம்."

"எப்ப வந்தீங்க?"

"போன மாசம் பதினாலு. மதியம் சாப்பாட்டுக்குள்ள முடிச்சாச்சு." அவர் முகத்தில் பெருமை ஏறியது. "பாரோமீட்டரை நான்தான் கொண்டாந்தேன். கம்பளி சுத்தி, ரெண்டு கையால. ஒரு படிக்கு ஒரு தடவை நின்னு. என் பொண்ணு பொறந்தப்பக்கூட அவ்ளோ கவனமாத் தூக்கினதில்ல. ஒரு ஸ்க்ரூ காணாமப் போகல, ஒரு காகிதம் காணாமப் போகல. எல்லாம் மேல இருந்தபடியே இங்க இருக்கு."

எல்லாம் இருந்தது. சுவரில் கண்ணாடிப் பெட்டி, உள்ளே பாரோமீட்டர். பெட்டியின் கண்ணாடி மேல் ஒரு சீட்டு, அழகான கையெழுத்தில்: 'படித்த எண்ணோடு 2.4 சேர்க்கவும்.'

"சீட்டு கிழியற மாதிரி இருந்துச்சு. லாமினேட் பண்ணிட்டேன்" என்றார்.

"இந்த ரெண்டு புள்ளி நாலு எதுக்குங்க?"

"மாடி உயரத்துக்கு மேடம். இறங்கறவனுக்குத் தரையில இருக்கிற அழுத்தம்தானே வேணும்? ஆறாவது மாடியில காத்து கொஞ்சம் லேசா இருக்கும். அதனால படிச்ச எண்ணோட ரெண்டு புள்ளி நாலு சேத்து, பின்னத்தை விட்டுட்டு..."

நிறுத்தினார். ஜன்னலைப் பார்த்தார். இரண்டு கால்கள் கடந்து போயின. பின்னாலேயே ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் போனது.

"மேடம்" என்றார் மெதுவாக, "கொஞ்சம் உக்காருங்க." சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்துகொண்டார்.

அலுவலகம் ஆறாவது மாடியிலிருந்து இறங்கியிருந்தது. அதே அளவுக்கு விமானங்களும் இறங்கியிருந்தன. பின்னத்தைப் பொறுத்து எண் இரண்டு கூடியது, சில நாள் மூன்று. அவ்வளவுதான் விஷயம். நாற்பது நாளாக அந்த ஊரின் மேல் பறந்த எல்லாரும், காத்துக்காரரின் மூச்சை உத்தேசித்து, ஐந்து மாடி தாழ்ந்து வந்திருக்கிறார்கள்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "அடுத்த எண் எப்ப போகும்?"

"மூணு மணிக்கு. இன்னும் கால் மணி நேரம் இருக்கு."

"மூணே முக்காலுக்கு எங்க விமானம் ஒண்ணு வருது. கதிர் இல்ல. மேகம் எவ்ளோ உயரத்துல இருக்கு?"

"ஐநூறு. இறங்கிட்டே இருக்கு."

"அப்ப சீட்டை எடுங்க."

அவர் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "நானா எடுக்க முடியாது மேடம். திருத்தம் மாத்தணும்னா மேலிடத்துலேருந்து எழுத்துல வரணும். இல்லன்னா எனக்கு மெமோ."

"எழுத்து வர எத்தனை நாள் ஆகும்?"

"மனுவுக்கு மூணு மாசம் ஆச்சு."

அவளுக்கு வந்த கோபத்தில் சீட்டைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கிழிக்கப் பார்த்தாள். லாமினேட் செய்ததை யார் கிழிப்பது? காத்துக்காரர் தன் கைவேலையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

அவள் போனை எடுத்து, வெளியே நிறுத்தியிருந்த விமானத்தில் வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக்கைப் பிடித்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, ரெண்டு மணிக்கு வந்த எண் என்ன?"

"ஆயிரத்தி ஒம்போது மேடம்."

"அதை வெச்சுட்டு முள்ளு என்ன காட்டுதுன்னு சொல்லு."

முள்ளைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அறுபத்தேழு."

"நீ இப்ப எங்க இருக்கே?"

"தரையிலதான் மேடம். எங்க போவேன்?"

"எண்ணை ரெண்டு குறைச்சு வை."

"பதினொண்ணு" என்றான். "மேடம், போன வாரம் இதுக்காக ஒரு ஆல்டிமீட்டரை மாத்தினோமே?"

"அதை அப்புறம் பேசலாம்."

காத்துக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் மெமோவுக்குப் பயந்தவர்தான். ஆனால் முப்பது வருடம் காற்றை நேர்மையாக அளந்தவர். டிராயரிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். சீட்டின் ஓரத்தை நெம்பி எடுத்து, மேசை மேல் எழுத்து தெரியாதபடி கவிழ்த்து வைத்தார். பாரோமீட்டரைப் படித்தார். எதையும் சேர்க்கவில்லை. டவருக்குப் போன் செய்தார்.

"மூணு மணி எண், ஆயிரத்து ஏழு. முன்னாடி குடுத்த ஒம்போது தப்பு. வரவங்க எல்லாருக்கும் சொல்லிடுங்க."

"ஏங்க, ஒரு மணி நேரத்துல ரெண்டு இறங்கிடுச்சா?" என்றது டவர். "புயலா?"

"இல்லீங்க. லிஃப்ட்."

மூன்றே முக்கால் விமானம் கடலுக்கு மேல் நானூற்று இருபத்தொரு அடியில் சமமாகப் பறந்து, ஓடுபாதையைப் பார்த்து, இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் வழக்கம்போல முழுசாக நிற்கும் முன்னாலேயே எழுந்து பெட்டியை எடுத்தார்கள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், அதிகாரிகள் மூன்று பேர், அவர்களில் சுமுகம் நடுவில். அத்தான் சீருடையில் வந்திருந்தார். மீசைகூடச் சலவை செய்ததுபோல இருந்தது. கை மட்டும் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்தது.

அவள் நடந்ததைச் சொன்னாள். சுமுகம் தொண்டையைக் கனைத்தார்.

"வானிலைக்காரங்க நமக்கு வேண்டியவங்க. இதைப் பெரிசாக்க வேணாமே. 'காரணம் தெரியவில்லை, எச்சரிக்கையோடு முடிக்கப்படுகிறது'ன்னு எழுதிட்டா எல்லாருக்கும் சுமுகமா இருக்கும். கேப்டனும் நாளைக்கே பறக்கலாம்."

அத்தான் அவளைப் பார்த்தார். எச்சரிக்கை என்றால் முப்பத்து நான்கு வருடக் கோப்பில் கடைசிப் பக்கம் அதுதான்.

"காரணம் தெரியும் சார்" என்றாள் அவள். "லாமினேட் பண்ணி வெச்சிருக்காங்க. எச்சரிக்கை குடுக்கணும்னா எனக்குக் குடுங்க. நாற்பது நாள் இது என் திரையில இருந்துச்சு. நான் ஒரே ஒரு ஆளைத்தான் பாத்தேன்." தண்ணீர் குடித்தாள். "கேப்டன் சொன்னது சரி. நான் எழுதினது தப்பு."

"காதுல விழல" என்றார் அத்தான்.

"கேப்டன் சொன்னது சரி."

"அதுக்கப்புறம் ஏதோ சொன்ன மாதிரி இருந்துச்சே."

"நான் எழுதினது தப்பு" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. மூன்று அதிகாரிகளும் காகிதத்தைப் பார்த்தார்கள். கோப்பில் அப்படியே ஏறியது.

வெளியே நடைபாதையில் அத்தான் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். அவள் பக்கத்தில் நடந்தாள்.

"அத்தான், ஒண்ணு சொல்லணும். நீங்கதான்னு தெரிஞ்சுதான் அந்தப் பட்டனை அழுத்தினேன்."

"தெரியும்."

"சிரிச்சுட்டே அழுத்தினேன்."

"உன் எடத்துல நானா இருந்தா ரெண்டு தடவை அழுத்தியிருப்பேன்" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "ஆமா, அந்த நாற்பது நாள்ல மத்தவங்க யாரும் நானூத்தி இருபதை இவ்ளோ கச்சிதமாப் பிடிக்கலதானே?" என்று கேட்டார்.

"பிடிக்கல."

"எழுத்துல குடுப்பியா?"

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. அதற்குள் கதை வளர்ந்திருந்தது. அத்தானின் வடிவத்தில், மேகத்துக்குள் பறக்கும்போதே முள்ளில் ஏதோ சரியில்லை என்று அவருக்கு உள்ளுக்குள் உறுத்தியது. தரையிறங்கியதும் மச்சினியைக் கூப்பிட்டு, போய் பாரோமீட்டரைப் பார் என்றார். கிரேன் ஓட்டுநரின் முகம் ஜன்னலில் தெரிந்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது என்ன என்பதுகூடத் தெரிந்தது.

"யானை எங்க?" என்று கேட்டது அவளுடைய கணவர். பத்தொன்பது வருடத்தில் அந்த மேசையில் அவர் பேசிய முதல் வாக்கியம். அக்கா சிரித்த சிரிப்பில் தண்ணீர் மூக்கிலேறிவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் அத்தான் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு போனார். சமையலறையில் குழாய்ச் சத்தம் கேட்டது. அக்காவும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் எழுந்து போய், அவர் கழுவி வைத்த தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மூன்றாவதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஓரத்துல எண்ணெய் இருக்கு அத்தான்."

அவர் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். எண்ணெய் இருந்தது. மறுபடி கழுவினார்.

இப்போது தரையில் நிற்கும் ஒவ்வொரு விமானத்தின் முள்ளையும் அவள் கணினி தினமும் சரிபார்க்கிறது. பதினொன்றிலிருந்து இருபத்தெட்டு அடி விலகினாலே சிவப்புக் கோடு வரும். பணிமனை, தேவையில்லாமல் கழற்றிய இரண்டு ஆல்டிமீட்டர்களையும் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறது. காத்துக்காரருக்கு மெமோ வந்தது. அதையும் லாமினேட் செய்யலாமா என்று கேட்டிருக்கிறார்.

வரும் மூன்றாம் தேதி டவரின் லிஃப்ட் ஓடத் தொடங்குகிறது. அன்று மதியம் சாப்பாட்டுக்குள் வானிலை அலுவலகம் மறுபடி ஆறாவது மாடிக்குப் போகிறது. அவள் அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள். பாரோமீட்டரோடு அதே லிஃப்டில் ஏறப்போகிறாள். சீட்டு அவள் கைப்பையில் இருக்கிறது.